பழைய மலையேற்றப் பை ஓய்ந்துவிட்டது, இலகுவானதாக எதை வாங்கலாம்?

12 வருடம் முதுகில் தொற்றிக்கொண்டு வந்த 65 லிட்டர் பை இனி தாங்காது. உள்பூச்சு பிசுபிசுத்து உரிகிறது, இடுப்புப் பட்டையின் பஞ்சும் அமுங்கிப்போய்விட்டது. அது காலியாகவே 2.4 கிலோ!

கூடாரம், தூக்கப் பை இரண்டையும் ஏற்கெனவே இலகுவாக்கிவிட்டேன். தண்ணீர், சாப்பாடு சேர்த்தும் சுமை 9 கிலோவைத் தாண்டுவதில்லை. அதனால் 45 லிட்டரில், 1 கிலோவுக்குள் ஒன்று தேடுகிறேன்.

குழப்பம் இங்கேதான். சட்டகம் இல்லாத பை இன்னும் இலகு, ஆனால் பாரம் பெரும்பாலும் தோளில்தான் இறங்கும். எனக்கோ தோள்வலி உண்டு. மெல்லிய அலுமினியக் கம்பி வைத்தது போதுமா? துணி ரிப்ஸ்டாப் நைலானா (கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாக நெய்தது), டைனீமாவா (மிக இலகுவான, வலுவான செயற்கை இழை)? டைனீமா தண்ணீர் குடிக்காது, சரி; பாறையில் உரசினால் தாங்குமா?

அப்புறம், கழுத்தடி எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை முதுகு நீளம் 46 செ.மீ. மூன்று நான்கு நாள் நடைக்குத் தூக்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.