'நடுநிலை முறிவு' போதாது: ஒரு கலைச்சொல் பற்றி

அனைவருக்கும் வணக்கம்.

நடுநிலை வகித்த ஒரு நாடு கடைசியில் பெரும்போர் ஒன்றில் சேர்ந்துவிடுவதைக் குறிக்க நம் போர்வரலாற்றுச் சொற்பட்டியலில் ஒரு தலைச்சொல் வேண்டும் என்று தொடங்கிய இழையில் இதுவரை 'போர்நுழைவு', 'நடுநிலை முறிவு', 'நடுநிலை கைவிடல்' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் பல வாக்கியங்களில் பொருத்திப் பார்த்தேன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன், ஆனால் வேறு இடத்தில் வந்து நிற்கிறேன்.

> முறிவு போதுமே, சிறிய சொல், எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் யார் முறித்தார்கள் என்பது புரியாது. முறிந்தது, முறித்தது என்று வினையில் தன்வினையையும் பிறவினையையும் அவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிற மொழி நம்முடையது. 'முறிவு' என்று பெயராக்கியதும் அந்தப் பிரிவு காணாமல் போகிறது. போர்வரலாற்றில் அதைத் தொலைக்கவே கூடாது.

முதல் உலகப்போரில் பெல்ஜியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1839 லண்டன் ஒப்பந்தம் அதன் நடுநிலைக்கு உறுதி அளித்தது, உறுதி அளித்தவர்களில் பிரஷ்யாவும் ஒன்று. 1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படைகள் எல்லையைத் தாண்டி உள்ளே வந்தன. பெல்ஜியம் எதையும் முறிக்கவில்லை. 1907 ஹேக் உடன்படிக்கைப்படி, நடுநிலை நாடு தன் மண்ணில் நுழைபவரை ஆயுதம் எடுத்துத் தடுத்தாலும் அது பகைச்செயல் ஆகாது. 'பெல்ஜியத்தின் நடுநிலை முறிவு' என்று ஒரு மாணவர் படித்தால் பெல்ஜியமே ஏதோ தவறியதாகத்தான் மனத்தில் பதியும். இதற்கு 'நடுநிலை மீறல்' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, மீறியவர் யார் என்ற கேள்வியும் அந்தச் சொல்லோடு தானே வந்துவிடும்.

இத்தாலி இதற்கு நேர் எதிர். 1882 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரியோடு முக்கூட்டணியில் இருந்த நாடு, 1914இல் இது தற்காப்புப் போர் அல்ல என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. அப்புறம் பல மாதங்கள் இரண்டு பக்கமும் பேரம் பேசியது. டிரென்டினோ, டிரியெஸ்டே, இஸ்திரியா, டால்மேஷியாவில் ஒரு பகுதி என்று பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா அடங்கிய நேசநாடுகள் அதிகம் தர ஒப்புக்கொண்டன, 1915 ஏப்ரல் 26 அன்று லண்டனில் மறைவாகக் கையெழுத்தாயிற்று, மே 23 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரிமீது இத்தாலி போர் அறிவித்தது. 1916இல் டிரான்சில்வேனியாவுக்காக ருமேனியா செய்ததும் ஏறக்குறைய இதுதான். இங்கே தெரிந்தே, கணக்குப் பார்த்தே விட்டுக்கொடுத்தார்கள். 'கைவிடல்' என்று நண்பர் முன்வைத்ததன் பொருள் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது, நான் அதையே 'நடுநிலைத் துறப்பு' என்று இன்னும் சுருக்கலாம் என்பேன்.

மூன்றாவது வகைதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. யாரும் எல்லையைத் தாண்டவில்லை, யாரும் பேரம் பேசி விற்கவும் இல்லை, ஆனாலும் நடுநிலை போய்விட்டது. 1917 அமெரிக்கா.

1914 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் தம் மக்களிடம் செயலில் மட்டுமல்ல, எண்ணத்திலும் ஒரு பக்கம் சாயாமல் இருக்கக் கேட்டுக்கொண்டார். சட்டமும் தெளிவாகத்தான் இருந்தது: நடுநிலை நாட்டின் தனியார் வணிகர்கள் போரிடும் நாடுகளுக்குப் பொருள் விற்கலாம், ஆயுதம் உட்பட, அரசு அதைத் தடுக்கக் கடமைப்பட்டதில்லை. எல்லாருக்கும் விற்போம் என்றார்கள். ஆனால் கடல் பிரிட்டன் கையில். ஜெர்மனிக்குப் போகிற சரக்கை முற்றுகை தடுத்தது, பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போனது வளர்ந்துகொண்டே இருந்தது. சரக்கு வாங்கியவர்களிடம் காசு தீர்ந்ததும் கடன் கேட்டார்கள். தொடக்கத்தில் கடன் கொடுப்பதே நடுநிலைக்கு ஒவ்வாது என்று வெளியுறவுச் செயலர் பிரையன் எதிர்த்தார், 1915 அக்டோபருக்குள் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சேர்த்து 50 கோடி டாலர் கடன் நியூயார்க்கில் திரட்டப்பட்டுவிட்டது. 1917 ஏப்ரல் வரை நேசநாடுகள் பக்கம் போன அமெரிக்கக் கடன் ஏறத்தாழ 230 கோடி டாலர், ஜெர்மனிக்கு 3 கோடிக்கும் குறைவு. இதில் ஒரு நாளைக்கூடச் சுட்டி 'இன்றுதான் நடுநிலை முறிந்தது' என்று சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம் நீர்மூழ்கிகள். 1915 மே 7 அன்று பிரிட்டிஷ் பயணிகள் கப்பலான லூசிடானியா ஜெர்மன் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கி ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள், அவர்களில் 128 பேர் அமெரிக்கர்கள். அப்போதும் போர் இல்லை. எங்களைப் போரில் இழுத்துவிடாமல் காத்தவர் என்ற முழக்கத்தோடுதான் 1916 நவம்பரில் வில்சன் மறுபடி வென்றார். ஜெர்மன் கடற்படைத் தலைமை வேறொரு கணக்குப் போட்டது: மாதம் 6 லட்சம் டன் கப்பலை மூழ்கடித்தால் ஐந்து மாதத்தில் பிரிட்டன் பணிந்துவிடும், அமெரிக்கா வந்தாலும் அதன் படை வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 1917 பிப்ரவரி 1 முதல் கட்டற்ற நீர்மூழ்கித் தாக்குதல், அதாவது நடுநிலை நாட்டுக் கப்பலையும் எச்சரிக்காமல் மூழ்கடிப்பது. வில்சன் அப்போதும் வணிகக் கப்பல்களில் பீரங்கி வைத்து 'ஆயுதம் தாங்கிய நடுநிலை' என்று ஒன்றை முயன்று பார்த்தார். மெக்சிகோவுக்குக் கூட்டணி தருவதாகச் சொன்ன, ஜெர்மன் வெளியுறவுச் செயலர் சிம்மர்மனின் தந்தி மார்ச் 1 அன்று நாளிதழ்களில் வந்தது. ஏப்ரல் 6 அன்று போர்.

இதை எப்படி ஒரே 'முறிவு' என்று சொல்வது? கயிறு அறுந்த நாள் ஏப்ரல் 6 என்றால், புரி புரியாகத் தேய்ந்தது இரண்டரை ஆண்டுகள். ஆகவே என் பரிந்துரை 'நடுநிலைத் தேய்வு'. நிலவு தேய்கிறது, செருப்பு தேய்கிறது என்று தினம் சொல்கிற சொல்தான், அகராதி புரட்ட வேண்டாம். மெல்ல நடப்பது, நடக்கும்போது கண்ணில் படாதது என்ற இரண்டு பொருளும் அதில் இருக்கின்றன.

'போர்நுழைவு' கடைசி நாளை மட்டும்தான் காட்டும், சில நேரம் அதையும் தவறாகக் காட்டும். 1916இல் போர்ச்சுகல் பிரிட்டன் கேட்டதால் தன் துறைமுகங்களில் நின்ற ஜெர்மன் கப்பல்களைக் கைப்பற்றியது, மார்ச் 9 அன்று போர் அறிவித்தது ஜெர்மனி. யார் எதில் நுழைந்தார்கள்?

> நடுநிலை என்ற சொல்லையே விட்டுவிட்டு நொதுமல் என்று போகலாமா?

இந்தக் கேள்வியை மிக விரும்பினேன். பரிமேலழகர் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்துக்குச் சொல்கிற விளக்கத்தில் பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்றிலும் அறம் வழுவாமல் ஒப்ப நிற்பதுதான் நடுவுநிலைமை. அதாவது பகையும் இல்லாமல் நட்பும் இல்லாமல் இருப்பது நொதுமல். நடுவுநிலைமை அதற்கும் மேலே இருக்கிற ஒரு பண்பு. வில்சன் 1914இல் கேட்டது இரண்டாவதை, சட்டம் கேட்டது முதலாவதை மட்டும். சட்டம் ஒரு வரிகூட மீறப்படாமலே ஒப்ப நிற்றல் போய்விட்டது என்பதுதான் அந்த இரண்டரை ஆண்டுக் கதை. பொருள் நுட்பத்தில் நண்பர் சொல்வது சரி. ஆனாலும் செய்தித்தாள் படிக்கிற ஒருவருக்கு 'நடுநிலை நாடு' உடனே விளங்கும், 'நொதுமல் நாடு' விளங்காது. தலைச்சொல் நடுநிலையாகவே இருக்கட்டும், விளக்கத்தில் நொதுமலையும் இந்த வேறுபாட்டையும் சேர்ப்போம். இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

'நடுநிலையும் இல்லை, போரிலும் இல்லை' என்ற நிலைக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் முசோலினி நடுநிலை என்ற சொல்லையே தவிர்த்து இத்தாலி போர்புரியாத நாடு என்றார், 1940 ஜூனில் ஸ்பெயினும் அப்படியே அறிவித்தது. 50 நாசகாரிப் போர்க்கப்பல்களைப் பிரிட்டனுக்குக் கொடுத்து, 1941 மார்ச்சில் போர்த்தளவாடம் தருவதற்கான கடன்-குத்தகைச் சட்டமும் போட்ட அமெரிக்காவும் நடப்பில் இதே நிலையில்தான் நின்றது. 'போரிலா நிலை' என்று ஒருவர் எழுதியிருந்தார், அது அமைதிக்காலம் என்று படிக்கப்படும். 'களம்புகாச் சார்பு' என்று வைக்கலாமா? பக்கம் சேர்ந்தாயிற்று, களத்தில் மட்டும் இறங்கவில்லை.

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். 1941 அமெரிக்காவுக்கு எந்தச் சொல்? அட்லாண்டிக்கில் தேய்வு வெளிப்படையாகத் தெரிகிறது, அக்டோபர் 31 அன்று ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்க நாசகாரி மூழ்கடிக்கப்பட்ட பிறகும் ஜெர்மனியோடு போர் அறிவிப்பு இல்லை. அதைக் கொண்டுவந்தது பசிபிக்கில், டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரில் நடந்த தாக்குதல். ஒரே நாட்டுக்கு ஒரே ஆண்டில் தேய்வு, மீறல் என்ற இரண்டு சொற்களும் வேண்டியிருக்கும். அது சொல்லின் குறை என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் விளக்கத்தில் இந்த எடுத்துக்காட்டைக் கட்டாயம் போட வேண்டும்.

ஆக மீறல், துறப்பு, தேய்வு என மூன்று தனிப் பதிவுகள், 'முறிவு' பொதுச்சொல்லாக இருந்து மூன்றையும் சுட்டட்டும். மீதம் இருப்பது ஒன்று: 1917இல் போருக்குள் வந்தும் அமெரிக்கா தன்னை நேசநாடு என்று சொல்லிக்கொள்ளவில்லை, கூட்டணி ஒப்பந்தத்தில் சேராமல் உடன் நின்று போரிட்டது. அதற்கு 'உடன்பொரும் நாடு' என்று எழுதிவைத்திருக்கிறேன். 'பொரும்' பலருக்குத் தடுக்கும் என்று தெரிகிறது. இதைவிட எளிதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.