ஆறிய அல்வாவும் ஆறு வயதுப் பல்லும்

பாளையங்கோட்டைத் தாய்:

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் நள்ளிரவில் என் எட்டு வயது மகன் எழுந்து உட்கார்ந்து, வலது கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, அழக்கூடச் செய்யாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். அலைபேசி வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல்லின் நடுவே ஒரு கறுத்த குழி. அதற்குள் மாலையில் தின்ற அல்வாவின் துணுக்கு அப்படியே ஒட்டிக் கிடந்தது. பண்டிகைக்கு நம் வீடுகளில் எத்தனை பொட்டலம் அல்வா வந்து சேரும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சூடாக இருக்கையில் வழுக்கிக்கொண்டு இறங்கும் அதே அல்வா, ஆறிவிட்டால் பல்லை விடுவதில்லை.

"இனிப்புப் பட்டா கூசுதும்மா" என்று அவன் புரட்டாசியிலேயே சொன்னான். விழுந்து முளைக்கப்போகிற பல்தானே என்று நான்தான் விட்டுவிட்டேன். அது பால்பல்லே இல்லை. ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, பால்பற்களுக்குப் பின்னால் புதிதாக முளைக்கும் நிலையான பல் என்று மருத்துவர் சொன்னபோது எனக்குப் பேச்சு எழவில்லை. மகன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இன்னும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அம்பாசமுத்திரம் ஆச்சி:

உன் வேதனை எனக்குப் புரிகிறது, மகளே. ஆனால் நம் பண்டிகைப் பலகாரத்தின்மேல் பழி போடாதே. குற்றம் வெள்ளைச் சீனியுடையது. சென்ற பொங்கலுக்கு வந்த என் நான்கு வயதுப் பேத்திக்குக் கடை மிட்டாய் எதையும் நான் காட்டவில்லை. உடன்குடிக் கருப்பட்டிப் பாகில் பிடித்த முந்திரிக்கொத்தைச் சம்படத்தில் போட்டு, அவள் கைக்கு எட்டும்படி அடுக்களைத் திண்டில் வைத்திருந்தேன். போகும்போதும் வரும்போதும் ஒன்று எடுத்துக்கொள்வாள்.

ஆனாலும் ஊருக்குத் திரும்பும் நாளில் அவள் சிரித்தபோது, மேல் முன்பற்களில் ஈறோரமாகச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தது. பற்பசை என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன், போகவில்லை. கருப்பட்டி தின்ற பிள்ளைக்கு அது எப்படி வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மேலப்பாளையம் வாப்பா:

என் மகள் வீங்கிய கன்னத்தோடு பெருநாள் புத்தாடை உடுத்தி, எல்லோரும் வட்டிலப்பம் உண்ணும்போது கஞ்சி குடித்தாள். மறுநாள் ஒரு பால் கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவுதான் என் கதை.

ஆச்சி, வயதில் மூத்த உங்களை மறுத்துப் பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே சர்க்கரைதான். பல்லில் படிந்திருக்கும் கிருமிகளுக்கு இரண்டும் ஒன்றே. அவை சர்க்கரையை அமிலமாக்குகின்றன. வாயின் அமிலக் குறியீடு (pH; எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் கடினமான மேற்படலமான எனாமல் கரையத் தொடங்குகிறது. அதை எச்சில் சரிசெய்ய அரை மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். அதற்குள் பிள்ளை அடுத்த முந்திரிக்கொத்தை எடுத்துவிட்டால் எச்சிலுக்கு ஓய்வே கிடைக்காது. ஆகவே எவ்வளவு தின்றது என்பதைவிட எத்தனை தடவை தின்றது என்பதையே முதலில் கேட்க வேண்டும். நீங்கள் பார்த்த வெள்ளைக் கோடு, பெரும்பாலும் எனாமல் சத்திழந்ததற்கான முதல் அடையாளம். குழி விழாத அந்த நிலையில் கவனித்தால் மேலும் கெடாமல் தடுக்க முடியும். தயவுசெய்து தாமதிக்காமல் காட்டச் சொல்லுங்கள்.

பண்டிகை நாளில் இனிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுச் சம்படத்தைப் பரணில் ஏற்றிவிடுங்கள். இடையில் கேட்டால் தண்ணீரும், பொங்கலென்றால் அவித்த பனங்கிழங்கும் கொடுங்கள். தூக்கத்தில் எச்சில் குறைவாகவே சுரப்பதால், இரவில் பல் துலக்கிய பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். புளோரைடு உள்ள பற்பசை, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி மணியளவும், அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். ஏழெட்டு வயது வரை துலக்கும்போது பெரியவர் கையும் சேர வேண்டும். பால் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. முன்கூட்டியே எடுத்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, அடுத்து வரும் பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். என் மகளுக்கு அந்த இடத்தைக் காக்க ஒரு கம்பி வளையம் மாட்டியிருக்கிறார்கள்.

பாளையங்கோட்டைத் தாய்:

வாப்பா, கருப்பட்டியைப் பற்றி நானும் ஆச்சியைப் போலவே நினைத்திருந்தேன். மகனுக்கு வேர்ச்சிகிச்சை முடிந்துவிட்டது. கெடாத மற்ற மூன்று கடைவாய்ப் பற்களின் பள்ளங்களைப் பூச்சால் மூடியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு பல் முளைத்தவுடனேயே வைக்கக்கூடியதாம். நேற்று எதிர்வீட்டிலிருந்து வந்த அல்வாவை அவன் பார்த்துவிட்டு, "மத்தியானச் சாப்பாட்டுக்குத்தானேம்மா?" என்று கேட்டான், பொட்டலத்தை அவனே கொண்டுபோய் உள்ளே வைத்தான். மாலையில் அவன் வாயைத் திறக்கச் சொல்லி, பின்பல் வரை வெளிச்சம் அடித்துப் பார்த்தேன்.