துபுஃபே படிச்சாரா, படிக்கலையா?

கரித்துண்டு: பிரெஞ்சு ஓவியர் துபுஃபேயைப் பத்தி, "ஓவியப் பள்ளி வாசலையே மிதிக்காத மேதை"ன்னு நேத்து ஒருத்தர் அளந்திருந்தார். குடிச்ச டீ புரையேறிருச்சு. 1918-ல் பாரிஸ் போய் ஜூலியன் அகாடமியில் சேர்ந்தவர் ஐயா அவர். ஆறு மாசம்!

வெள்ளைச்சுவர்: அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டுங்க. ஆறு மாசத்துல பிடிக்காம வெளியே வந்தார், அது ஒரு படிப்பா? அப்புறம் ஒயின் வியாபாரம். 1942-ல், நாற்பது தாண்டித்தான் முழுசா ஓவியத்துல இறங்கினார்.

கரித்துண்டு: வாசலை மிதிச்சாரா இல்லையா? அதுக்கு மட்டும் பதில்.

மண்வாசம்: எண்ணெய் வண்ணத்துல மணல், தார், கூழாங்கல் எல்லாம் குழைச்சு, கொத்தனார் சுவர் பூசுற மாதிரி அப்பி, அது மேல கீறிக் கீறி உருவம் எடுத்தார். 1946-ல் அதைப் பார்த்து பாரிஸே கொதிச்சது. அதைப் பேசுவோமே.

கரித்துண்டு: பேசலாம். அந்தத் தாரை அப்பினது ஜூலியன்ல ஆறு மாசம் பழகின கை.

வெள்ளைச்சுவர்: நான் மூணு மாசம் வீணை கிளாஸ் போனேன். அப்ப நான் அரை வித்வான். முன்னாடி நாம போட்ட பிக்காசோ சண்டையில மூக்கு உடைஞ்ச கடுப்பை இங்க காட்டாதீங்க.

கரித்துண்டு: மூக்கு உடைஞ்சது யாருக்கு? அந்தச் சண்டையில ஆண்டைத் தப்பாச் சொல்லிட்டு இன்னிக்கு வரைக்கும் திருத்தாதது யாரு?

தேரடி: துபுஃபே இல்லைங்க, த்யுப்யுஃபே. பேரே வரல, அதுக்குள்ள சண்டை.

கரித்துண்டு: வந்துட்டார் வாத்தியார். தமிழ்ல இதுவே போதும்.

மண்வாசம்: துபுஃபேயே 'ஆர் ப்ரூ', அதாவது 'பட்டை தீட்டாத கலை'ன்னு பேர் வெச்சுக் கொண்டாடினது வேற ஆளுங்களை. சுவிட்சர்லாந்துல பெர்ன் பக்கம் மனநல மருத்துவமனையில அடைபட்டு, பென்சிலும் கலர் பென்சிலுமா ஆயிரக்கணக்கான பக்கம் நிரப்பின வோல்ஃப்லி மாதிரி ஆளுங்க. துபுஃபே சேர்த்து வெச்சதெல்லாம் இப்போ அதே நாட்டு லோசான் நகரத்துல இருக்கு, 1976-லேருந்து மியூசியமா. படிக்காதவங்க அவங்க. இவர் அவங்களைப் பார்த்து ஏங்கினவர்.

கரித்துண்டு: அப்பாடா, ஒருத்தராவது என் பக்கம்.

மண்வாசம்: நான் யார் பக்கமும் இல்லை.

வெள்ளைச்சுவர்: 1962-ல் போன் பேசிக்கிட்டே பால்பாயிண்ட் பேனாவால கிறுக்கினார். சிவப்பு, நீலக் கோடு. அதுலேருந்து பன்னிரண்டு வருஷத்து 'ஊர்லூப்'ங்கிற படைப்புத் தொடரே முளைச்சது. இதை எந்த அகாடமியில சொல்லித் தர்றாங்க?

கரித்துண்டு: கிறுக்கினது 1962. சேர்ந்தது 1918. எது முதல்ல?

தேரடி: த்யுப்யுஃபே.

வெள்ளைச்சுவர்: நீங்க சும்மா இருங்க சார். கரித்துண்டு, ஆறு மாசத்துல ஓடி வந்தவரை மாணவர்னு சொல்லாதீங்க.

கரித்துண்டு: ஆறு மாசம்னு நீங்களே சொல்லிட்டீங்க. பிக்காசோ ஆண்டையும் அப்படியே திருத்திட்டு வாங்க.