ஓக்கானல் பாலத்தில் எடுத்த பழைய புகைப்படம்

கேள்வி:
பர்மிங்காமில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், 1950களில் வேலை தேடி டப்ளினை விட்டு வந்தவர். ஓக்கானல் பாலத்தில் தாயின் கைபிடித்து நடக்கும் தம் சிறுவயதுப் படத்தைக் காட்டும்போதெல்லாம், பின்னணியில் நிற்கும் நெல்சன் தூணையே அவருடைய விரல் தேடிச் செல்கிறது. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதியின் நினைவுச்சின்னத்தின் மீது ஓர் ஐரிஷ்காரருக்கு இத்தனை பற்று எப்படி வந்தது?

பதில் 1:
அந்தப் பற்று நெல்சன் மீதானது அன்று. டிராம் வண்டிகள் அங்கிருந்துதான் புறப்பட்டன. ஊரார் ஒருவரையொருவர் சந்திக்கக் குறித்துக்கொண்ட இடமும் அதுவே. கட்டணம் செலுத்தி 168 படிகள் ஏறினால் நகரம் முழுவதையும் காண முடிந்தது. 1966 மார்ச் 8 அன்று, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐரிஷ் குடியரசுவாதிகள் வைத்த வெடியில் தூணின் மேற்பகுதி தகர்ந்தது. எஞ்சியதை ராணுவம் சில நாட்களில் வெடிவைத்து அகற்றியது. அதற்கு முன்பே புலம்பெயர்ந்தவர், ஊர் திரும்பியபோது தாம் விட்டுவந்த தெருவைக் கண்டிருக்க மாட்டார். இன்று அவ்விடத்தில் 120 மீட்டர் உயர எஃகுக் கூர்முனைக் கோபுரம் நிற்கிறது. அழகானதுதான், ஆனால் அதில் ஏற முடியாது.

பதில் 2:
படத்தை எடுத்தவர் பெரும்பாலும் ஆர்தர் ஃபீல்ட்ஸாக இருக்கலாம். 1930களிலிருந்து 1980கள் வரை அந்தப் பாலத்திலேயே நின்று, வழிப்போக்கர்களைப் படமெடுத்துச் சீட்டுக் கொடுத்தவர் அவர். சீட்டைக் காட்டிப் படத்தை வாங்கிக்கொள்வார்கள். அவருடைய படங்கள் குடும்பங்களின் பெட்டிகளில்தான் பெரிதும் எஞ்சியுள்ளன. ஆகவே, பெரியவரிடம் அதைக் கவனமாகப் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று மாலையே அவரிடம் அந்தப் படிகளைப் பற்றிக் கேட்கப் போகிறேன்.