புதுப்பிப்பு: பழைய ஃபைபர் படகின் பின்பலகை மாற்றியாச்சு

முன்பக்கம் சின்ன அறை உள்ள பழைய ஃபைபர் படகை காவேரிப்பட்டினத்தில் கொட்டகை போட்டுச் சீர்செய்கிறேன், மோட்டார் மாட்டும் பின்பலகை அழுத்தினால் நெளிகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி. மேலே கணீரென்ற சத்தம், போல்ட் துளைக்குக் கீழே மழுங்கிப் போனது. உள்பக்கம் அறுத்துப் பார்த்தால் பிளைவுட் கறுத்து, விரலால் கிள்ளினாலே ஈரத்தோடு பிய்ந்து வந்தது.

வெளி ஃபைபரை அப்படியே விட்டு, உள்மரம் முழுவதையும் சுரண்டி எடுத்தோம். இப்போது இரண்டு அடுக்கு மரைன் பிளைவுட் (தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டியது), இடையில் எபாக்சி, அதாவது இரண்டு திரவத்தைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பசை. ஃபைபர் வேலைக்கு வழக்கமாகப் பூசும் பாலியெஸ்டர் ரெசின் மலிவுதான், ஆனால் மரத்தில் அவ்வளவாகப் பிடிக்காது. போல்ட் துளைகளைப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் அடைத்து, அது இறுகிய பிறகு நடுவில் மறுபடி துளைத்தோம். இனி தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தார் பூசுவதும் இதே காரியத்துக்குத்தான்.

பெட்ரோல் குழாய் புதிது. பின்பாரம் குறைய பேட்டரியை முன் அறைக்கு மாற்றினேன். அப்புறம், பின்பலகை உயரம் 20 அங்குலம், அதனால் லாங் ஷாஃப்ட் (தண்டு நீளமான) மோட்டார்தான் வேண்டும். ஓசூர் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.