மறு: ‘புறநகர்’ ஒன்றே போதுமா?

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். நேற்று ‘புறஞ்சேரி’ என்ற பரிந்துரை வந்தது. அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

குழுவில் ஒரு தங்கை கேட்டது இதுதான். ஐரோப்பியக் குடியிருப்புகள் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறார். ஆங்கிலேயரின் ‘சபர்ப்’, பிரெஞ்சுக்காரரின் ‘பான்லியூ’, ஜெர்மானியரின் ‘ஃபோரோர்ட்’ மூன்றும் ஒரே பத்தியில் வருகின்றன. மூன்றுக்கும் ‘புறநகர்’ என்று போட்டால் பத்தியே உளறலாகிவிடுகிறது என்கிறார். அவர் சொல்வது சரி.

> அகராதியில் ‘புறநகர்’ இருக்கிறது. சென்னையில் புறநகர் ரயிலே ஓடுகிறது. இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எதற்கு வீண் வேலை?

ஐயாவின் இந்தக் கேள்வியில் பாதியை ஏற்கிறேன். புறநகர் நல்ல சொல். அதை யாரும் பறிக்கப்போவதில்லை. ஆனால் அது இடத்தை மட்டுமே சொல்கிறது. அங்கே எப்படிப்பட்ட வீடு, யார் குடியிருக்கிறார்கள், விரும்பிப் போனார்களா, வேறு வழியில்லாமல் போனார்களா என்று ஒன்றும் சொல்லாது. லண்டன்காரரிடம் ‘சபர்ப்’ என்று சொன்னால் அவர் மனத்தில் எழுவது முன்னால் சிறு புல்தரை, பின்னால் தோட்டம், பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்குபோடும் மாடிவீடு. வசதியும் கொஞ்சம் சலிப்பும் கலந்த சொல் அது. வறுமையைச் சொல்ல அவர்களிடம் ‘உள்நகர்’ என்று வேறு சொல் இருக்கிறது. பாரிஸில் இது தலைகீழ். பணம் நகருக்குள்ளே, ‘பான்லியூ’ என்றதும் கான்கிரீட் அடுக்குகள், வேலையின்மை, போலீஸ். 2005 அக்டோபர் 27 அன்று கிளிஷி-சூ-புவாவில் போலீஸுக்குப் பயந்து துணைமின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். அதன்பின் மூன்று வாரம் நாடெங்கும் கார்கள் எரிந்தன. அதை ‘பாரிஸ் புறநகரில் கலவரம்’ என்று எழுதினால் நம் வாசகர் கண்முன் தாம்பரமோ ஆவடியோதான் வந்து நிற்கும்.

இத்தனைக்கும் பிரெஞ்சிலும் அகராதிப் பொருள் வெறும் இடம்தான். வெர்சாய், நெய்யி போன்ற செல்வர் ஊர்களும் பான்லியூவில்தான் இருக்கின்றன. பேச்சில் அந்தச் சொல் அவற்றின்மேல் ஒட்டுவதில்லை, அவ்வளவுதான். அதன் வேரைப் பற்றி நண்பர் ஒருவர் ‘விலக்கி வைக்கப்பட்டவர்களின் இடம்’ என்று எழுதியிருந்தார். அது பிரான்ஸிலேயே பலர் நம்பும் பிழை. ‘பான்’ என்பது பிரபுவின் ஆணை. ‘லியூ’ என்பது நம் காதத்தைப் போன்ற பழைய தொலைவு அளவை. நகரைச் சுற்றி ஒரு லியூ தூரம் வரை ஆணை செல்லுபடியாகும் வட்டாரம் என்பதே அசல் பொருள். சொல் இன்று இருக்கும் நிலையைப் பார்த்துவிட்டு அதற்கேற்ப வேர் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கலையில் நாமும் சளைத்தவர்கள் அல்லர்.

> சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரியிறுத்த காதை என்றே ஒரு காதை உண்டு. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே தங்கிய இடம். ‘பான்லியூ’வுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

படித்தவுடன் எனக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை. சேரி என்பது அன்று சேர்ந்து வாழும் இடம், அதற்குமேல் ஒன்றுமில்லை. சோழர் கல்வெட்டுகளில் பிராமண ஊர்களின் பிரிவுகளுக்கும் சேரி என்றே பெயர், கம்மாணச்சேரியும் உண்டு, தீண்டாச்சேரியும் உண்டு. பிறகு மற்றவர்கள் எல்லாம் அந்தச் சொல்லை உதறிவிட்டார்கள்; ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களின் இடத்தோடு மட்டும் அது தங்கிவிட்டது. இடத்தை மட்டும் குறித்த ஒரு சொல்லின்மேல் இகழ்ச்சி படிந்த கதை பான்லியூவின் கதையும்தான். பரிந்துரைத்தவரை இழுத்தது இந்த ஒப்புமையாக இருக்கும். என்னைத் தடுப்பதும் அதுவே. சாதி இட்ட சூட்டுத் தழும்பைப் பெயர்த்தெடுத்துப் பாரிஸை அடுத்த லா கூர்னவ்வின் அடுக்ககத்தில் ஒட்டினால், அங்கிருப்பவர்களின் வரலாறும் மறைந்துபோகும், இங்கிருப்பவர்களின் வரலாறும் வெறும் உவமையாகிவிடும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் பாரிஸைச் சுற்றி உண்மையான குடிசைப்பகுதிகள் இருந்தன. நான்தேரில் அல்ஜீரியத் தொழிலாளர்கள் தகரத்தாலும் பலகையாலும் கட்டிக்கொண்ட குடிசைகளை ‘பீதோன்வீல்’ என்றார்கள். ‘பீதோன்’ என்றால் தகர டப்பா. இத்தகைய குடிசைகளிலும், பாரிஸின் இற்றுப்போன பழைய வீடுகளிலும் அடைந்துகிடந்தவர்களுக்காகத்தான் பெரும்பாலும் அந்த அடுக்குகள் எழுந்தன. வீட்டுக்குள்ளேயே குளியலறை, குழாயில் வெந்நீர், குளிருக்கு வெப்பமூட்டி: முதலில் குடிபோனவர்களுக்கு அது வரம். சேரியை விட்டுப் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நாம் சேரி என்று பெயர் வைத்தால், அவர்கள் விட்டு வந்த இடத்தை எப்படி அழைப்பது?

என் கருத்து இது. தூரத்துக்குச் சொல் இருக்கிறது. வீட்டின் வடிவத்துக்குத்தான் சொல் போதவில்லை. அங்கேதான் ஆக்க வேண்டும்.

ஐரோப்பாவில் போருக்குப் பிறகு ஒரே வடிவம் பல பெயர்களில் எழுந்தது. பிரெஞ்சில் ‘கிராண்ட் ஆன்சாம்பிள்’, அதாவது பெருந்தொகுதி. ஸ்வீடனில் 1965 முதல் 1974 வரை பத்தே ஆண்டில் பத்து லட்சம் வீடு கட்டும் ‘மில்லியன் திட்டம்’. அது தொடங்கியபோது அந்நாட்டின் மக்கள்தொகை 80 லட்சம்கூட இல்லை. கிழக்கு ஜெர்மனியின் ‘பிளாட்டன்பாவ்’, செக் நாட்டின் ‘பனெலாக்’ இரண்டும், தொழிற்சாலையில் வார்த்து லாரியில் கொண்டுவந்து நிறுத்திய கான்கிரீட் பலகத்தால் பெயர் பெற்றவை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘அடுக்கூர்’ என்று வைக்கலாம். அடுக்ககம் என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ஒரு கட்டடம் அடுக்ககம். ஓர் ஊரளவுக்கு அடுக்ககங்கள் நின்றால் அடுக்கூர். இதில் இன்னொரு வசதி: மார்சான் என்னும் அடுக்கூர் பெர்லின் மாநகர எல்லைக்கு உள்ளேயே இருக்கிறது, ரிங்கெபி ஸ்டாக்ஹோம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. ‘புறநகர்’ என்று எழுதிவிட்டு ‘ஆனால் நகருக்குள்’ என்று அடிக்குறிப்புப் போட வேண்டியதில்லை.

வியன்னாக்காரர்கள் இன்னும் நுணுக்கமானவர்கள். பழைய கோட்டைச் சுவருக்கும் வெளி அரணுக்கும் இடையில் இருந்தவை ‘ஃபோர்ஷ்டாட்’, அரணுக்கும் அப்பால் இருந்தவை ‘ஃபோரோர்ட்’. இரண்டும் எப்போதோ நகருக்குள் சேர்ந்துவிட்டன. அந்த வேறுபாடு தேவைப்படும் இடத்தில் முன்னதை ‘அணைநகர்’ என்று சொல்லிப் பார்க்கலாம். வலியுறுத்தவில்லை.

வீட்டுப் பெயர்களுக்கு வருகிறேன்.

> ஒரு சுவரைப் பங்குபோடும் ‘செமி-டிடாச்டு’ வீட்டுக்கு ‘ஒட்டுவீடு’ சரியாக இருக்குமே?

அச்சில் ஒரு சுழி கூடினால் அது ஓட்டுவீடாகிவிடும். ‘இரட்டைவீடு’ என்றால் இரண்டு குடும்பம் நடத்துகிறவர் நினைவுக்கு வருவார். ‘இணைவீடு’ என்கிறேன். நடுவில் நிற்பது பொதுச்சுவர்; அந்தச் சொல் நம் கிரயப் பத்திரங்களிலேயே இருக்கிறது. இணைவீடுதான் இங்கிலாந்துப் புறநகரின் முகம். லண்டனின் மெட்ரோபாலிட்டன் ரயில்வே, தண்டவாளத்தை ஒட்டிய நிலத்தில் வீடு கட்டி விற்றது. 1915இல் அந்த வட்டாரத்துக்கு ‘மெட்ரோலேண்ட்’ என்று விளம்பரப் பெயரும் சூட்டியது. வீட்டை வாங்குகிறவர் தினமும் டிக்கெட்டும் வாங்குவார் அல்லவா? இன்று ஈழத்தமிழர் நிறைய வாழும் வெம்பிளியும் ஹாரோவும் அந்தத் தடத்தில் உள்ளவைதான்.

சங்கிலிபோல நீளும் டச்சு ‘ரைட்யஸ்ஹவுஸ்’, ஆங்கில ‘டெரஸ்’ இரண்டும் ‘வரிசைவீடு’. பேச்சில் ‘லைன் வீடு’ என்கிறோமே என்று கேட்பீர்கள். அதைக் கேட்டதும் ஒற்றை அறையும் பொதுக் கழிப்பறையும் நினைவுக்கு வரும். இலங்கை வாசகருக்கோ மலையகத்து லயம். நெதர்லாந்தில் வரிசைவீடு நடுத்தரக் குடும்பத்தின் இயல்பான வீடு.

பெல்ஜியத்தாருக்கு எந்த வடிவமும் போதாது. தாமே கட்ட வேண்டும். பெல்ஜியர் வயிற்றில் செங்கல்லோடு பிறக்கிறார் என்பது அங்கே பழமொழி. ‘வீட்டைக் கட்டிப்பார்’ என்று நாம் எச்சரிக்கிறோம். அவர்களுக்கு அது பசி. நெடுஞ்சாலையின் இருபுறமும் மைல் கணக்கில் வீடுகள் நாடாபோல ஒட்டிக்கொண்டு போவதால் எங்கே ஊர் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாது. அங்கே ‘புறம்’ எது, ‘நகர்’ எது? ‘நாடாக் குடியிருப்பு’ என்று நேரடியாகச் சொல்லிவிடலாம்.

ஜெர்மனியில் மக்கள்தொகையில் பாதிப் பேர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்; ருமேனியாவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சொந்த வீடு. ருமேனியர் பணக்காரர் என்று பொருளில்லை. 1990க்குப் பிறகு அரசு அடுக்ககங்களை, குடியிருந்தவர்களுக்கே மலிவாக விற்றுவிட்டார்கள். ஜெர்மானியருக்கோ வாடகைதாரரைக் காக்கும் சட்டம் வலுவாக இருந்ததால் அவசரம் இல்லை. அந்த வாடகைக் குடித்தனம் எவ்வளவு நிலையானது என்பதை லைப்சிக்கில் கற்றேன். இரண்டு ஆண்டு வேலைக்காகப் போய், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சாவி வாங்கிக் கதவைத் திறந்தால் அடுக்களை இல்லை. அறை இருந்தது, சுவரில் மூடி போட்ட இரண்டு குழாய் வாய்கள், மூலையில் அடுப்புக்கான மின்பெட்டி, கூரையிலிருந்து மொட்டையாகத் தொங்கிய கம்பி. தொட்டி, அலமாரி, அடுப்பு, விளக்கு எல்லாவற்றையும் முந்தைய குடித்தனக்காரர் கழற்றி எடுத்துப்போய்விட்டார். திருட்டு என்று நினைத்தேன், வழக்கம் என்றார்கள். இருபது ஆண்டு இருக்கப்போகிறவர் தன் அடுக்களையைத் தானே போட்டுக்கொள்கிறார். முதல் வாரம் மின்கெண்டியில் முட்டை அவித்தேன்.

அந்த ஒப்பந்தத்தில்தான் ‘கால்ட்மீட்ட’, ‘வார்ம்மீட்ட’ என்ற சொற்களைப் பார்த்தேன். இங்கே ஒருவர் ‘குளிர்வாடகை’, ‘வெப்பவாடகை’ என்று பெயர்த்திருக்கிறார். ஏதோ காய்ச்சல்போல இருக்கிறது. வெப்பமூட்டி, தண்ணீர், குப்பைக் கட்டணம் சேராதது முன்னது, சேர்ந்தது பின்னது. ‘வெறும்வாடகை’, ‘முழுவாடகை’ போதும்.

நகரைச் சுற்றிய செழிப்பான வட்டத்தை ஜெர்மானியர் ‘ஷ்பெக்கியூர்ட்டல்’, பன்றிக்கொழுப்பு இடுப்புவார் என்கிறார்கள். ‘கொழுப்புவளையம்’ என்றால் நம் வாசகர் அவ்வூர்க்காரர் திமிர் பிடித்தவர்கள் என்று எண்ணிவிடுவார். பசையுள்ள இடம் என்கிற வழக்கை வைத்து ‘பசைவளையம்’ என்று ஆக்கிப் பார்த்தேன். சிரிக்க வேண்டாம்.

அன்புடன்,
கோவையிலிருந்து

மறு: மறு: ‘புறநகர்’ ஒன்றே போதுமா?

வணக்கம் அண்ணா.

நான் நீங்கள் சொன்ன அந்த லா கூர்னவ்விலேயே இருக்கிறேன். அடுக்ககம் என்று நாங்கள் சொல்வதில்லை. எங்கள் வழக்கில் தொடர்மாடி. அதைக்கூட விடலாம். ‘அடுக்கூர்’ என்பதில் வரும் ‘ஊர்’தான் இடிக்கிறது. ஊர் என்றால் எனக்குக் கோயில், கிணறு, வாசிகசாலை. சேரி பற்றி இவ்வளவு கவனமாக இருந்த நீங்கள் ஊரை இவ்வளவு தாராளமாகக் கொடுக்கலாமா? மரக்கறி வாங்கத் தமிழ்க் கடைகள் உள்ள லா ஷப்பல் போகிறோம், வேலைக்குப் பாரிஸ் போகிறோம், இங்கே வந்து படுக்கிறோம். பிரெஞ்சுக்காரரே இப்படிப்பட்ட இடங்களைப் படுக்கும் நகர் என்கிறார்கள். பிள்ளைகள் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்வதில்லை. மாவட்ட எண்ணை ‘ஒன்பது மூன்று’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

மறு: மறு: மறு: ‘புறநகர்’ ஒன்றே போதுமா?

தம்பி, நல்ல அடி. ஆனால் ஊராக வேண்டும் என்று நினைத்தே கட்டியவையும் உண்டு. ஸ்டாக்ஹோமின் வெல்லிங்பி 1954இல் திறக்கப்பட்டபோது வேலை, வீடு, மையம் மூன்றும் ஒரே இடத்தில் என்பதே அதன் கொள்கை. பாரிஸை அடுத்த சார்செல் அடுக்கூரிலோ கடையும் இல்லை, பொழுதும் போகவில்லை. அங்கே குடிபோனவர்களின் சோர்வுக்குப் பத்திரிகைகள் ‘சார்செலித்’ என்று நோய்ப்பெயரே வைத்தன. ஆகவே வடிவத்துக்கு அடுக்கூர் இருக்கட்டும். நீங்கள் சொல்லும் வாழ்க்கைக்கு ‘உறங்கூர்’. உறங்கு ஊர், வினைத்தொகை. உறைவிடத்தில் இடமா உறைகிறது? நாம்தான் உறைகிறோம், அதுபோல. ஜெர்மனும் ஸ்பானியமும் இதே உறக்கத்தை வைத்துத்தான் சொல் ஆக்கியிருக்கின்றன. அடுக்ககத்துக்குப் பக்கத்தில் ‘தொடர்மாடி’யையும் இணைச்சொல்லாகப் பதிவுசெய்கிறேன்.

தங்கைக்கு: உங்கள் பத்தியின் நடு வரியை இப்படி மாற்றிப் பாருங்கள். ‘லண்டனின் புறநகரில் இணைவீடு வாங்குவது ஒரு குடும்பத்தின் ஏற்றம், பாரிஸின் புறநகரில் அடுக்கூருக்குக் குடிபோவதும் முதலில் அப்படித்தான் இருந்தது, அது உறங்கூராகும் வரை.’ கடைசி வரியில் ‘பான்லியூ’ அப்படியே நிற்கட்டும். முதல்முறை வரும்போது மட்டும் அரை வரி விளக்கம் கொடுங்கள்.