கிட்டில் கோடு விழுகிறது, ஆனால் கருமுட்டை வரவில்லை என்கிறார்கள். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்கள் சொல்லுங்கள்

தூறல்:
வயது 29. எனக்கு பிசிஓஎஸ் என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. பீரியட்ஸ் 45 நாளுக்கு ஒருமுறை, சில நேரம் 60ஐத் தாண்டும். ஒரு வருடமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். முட்டை வெளிவரும் நாளைக் காட்டும் ஓவுலேஷன் கிட்டில் தொடர்ந்து ஐந்தாறு நாள் பாசிட்டிவ், அப்புறம் ஒன்றும் இல்லை. 21ஆம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் புரொஜெஸ்ட்ரான் (முட்டை வெளிவந்த பிறகு ஏறும் ஹார்மோன்) குறைவு, முட்டை வெளிவரவில்லை என்றார்கள். நீர்க்கட்டிகளை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் சரியாகுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது.

நிலாச்சோறு:
தோழி, முதலில் அந்த ஆபரேஷன் நினைப்பை விடுங்கள். பெயர்தான் நீர்க்கட்டி, உண்மையில் அவை பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப்பைகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. சினைப்பையில் துளை போடும் லேப்ராஸ்கோப்பி என்று ஒன்று உண்டு, ஆனால் அது மாத்திரை பலிக்காதபோது யோசிப்பது. கிட் பார்ப்பது எல்ஹெச் என்ற ஹார்மோனை. நம்மில் பலருக்கு அது சும்மாவே ஏறி நிற்கும், அதனால் முட்டை வந்தாலும் வராவிட்டாலும் கோடு விழும். அப்புறம் அந்த 21ஆம் நாள் கணக்கு 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கானது! அடுத்த பீரியட்ஸுக்கு 7 நாள் முன்பு பார்க்க வேண்டிய டெஸ்ட் அது, உங்களுக்கு 38ஆம் நாள் பக்கம் வரும். அன்றும் குறைவாக இருந்தால் பீரியட்ஸ் வரும்வரை வாரம் ஒருமுறை திரும்பப் பார்க்கலாம்.

கடல்காற்று:
எனக்கும் இதே கதைதான். ஆறு மாதம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் கொடுத்தார்கள், வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம் (குறைந்த அளவில் ஆரம்பித்து, சாப்பாட்டோடு எடுத்தால் இந்தப் பாடு குறையும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை). வேறு டாக்டர் லெட்ரோசோல் எழுதினார், சுற்றுக்கு 5 நாள். அது மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து என்று படித்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவே இல்லை. ஆனால் பிசிஓஎஸ்ஸில் முட்டை வரவைக்க இப்போது முதலில் கொடுப்பதே அதுதான். 2014இல் வெளியான, 750 பெண்களிடம் ஐந்து சுற்று வரை கொடுத்துப் பார்த்த ஆய்வில், முட்டை வரவைக்கும் இன்னொரு மாத்திரையான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, லெட்ரோசோலில் 27.5. எனக்கு மூன்றாவது சுற்றில் கரு தங்கியது. இரட்டைக் கருவுக்கும் வாய்ப்பு உண்டு, அதனால் ஸ்கேனில் முட்டை வளர்வதைப் பார்த்துக்கொண்டே எடுப்பதுதான் நல்லது. எடை கூடுதலாக இருந்தால் 5 சதவீதம் குறைந்தாலே சிலருக்கு பீரியட்ஸ் சீராகிறது. ஒல்லியாக இருந்தால் அந்த அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மொட்டைமாடி:
கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்தாயிற்றா? எல்லாரும் தூறலின் சினைப்பையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் இரண்டு வருடம் மாத்திரை விழுங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் அதைப் பார்த்தார்கள், கோளாறு அங்கேயும் இருந்தது. தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), சர்க்கரை மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். 90 நாள் தாண்டியும் பீரியட்ஸ் வராவிட்டால் சும்மா இருக்காதீர்கள், கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், அதற்குத் தனி மாத்திரை தர வேண்டியிருக்கும்.

தூறல்:
அவருக்குப் பார்க்கவில்லை அக்கா, கேட்டால் அடுத்த மாதம் என்கிறார். இதை அப்படியே அவரிடம் காட்டப்போகிறேன். இன்று எனக்கு 31ஆம் நாள். அடுத்த வாரம் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.